வெளிவீதியில் ஒரு இன்ஜினியர்

டிராம் பாராளுமன்றத்தின் முதுகுப் பக்கமாக வளையும்போதுதான் மிருணாளினி அதைச் சொன்னாள். டார்னெய்ட்டில், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து தொண்டைக்குள் உருட்டிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு நிறுத்தம்தான் பாக்கி என்றதும் துப்பிவிட்டாள்.

“ம்மா, அருந்தவன் அம்மாகிட்ட உன்ன இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டாங்கன்னா ஆமான்னுடு.”

கலா ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு கட்டடத்தின் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்க மெல்பர்னுக்கு வந்த மூன்று வாரத்தில் அவள் கடலைப் பார்த்தாள், கங்காருவைப் பார்த்தாள், கேரம் டவுன்ஸ் கோவிலைப் பார்த்தாள். ஆனால் வாயைப் பிளந்து பார்த்தது சாரங்களை மட்டும்தான். சவுக்குக் கம்பு இல்லை, கயிற்றுக்கட்டு இல்லை, எல்லாம் இரும்பு. ஏற ஒழுங்கான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்கப் பலகை. ‘இதுல குடித்தனமே நடத்தலாம்டி’ என்று நேற்றுகூட சொன்னாள். இப்போது மெல்லத் திரும்பினாள்.

“யார?”

“உன்னத்தான்.”

“நான் இன்ஜினியரா?”

“ஆமா.”

கலா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிறுத்தம் போயிற்று. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். மிருணாளினிக்குக் கோபம் வந்தது. கோபம் அவளுக்குத் தும்மல் மாதிரி, எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் யார் மேல் வருகிறது என்பது எப்போதும் தெரியும். இந்த முறை அதுவும் தெரியவில்லை.

பொய் சொல்கிற பெண் இல்லை அவள். கல்லூரியில் ‘அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்டவர்களிடம், ‘செத்துட்டார். அம்மா சித்தாள், சாந்துச் சட்டி தூக்கறவங்க, அடுத்த கேள்வி?’ என்று சொல்லி, எதிரில் இருக்கிற முகம் சுருங்குவதை நின்று வேடிக்கை பார்த்தவள். சிவில் படித்தாள். மெல்பர்னில் கிளேட்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து மேலே படித்தாள். பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலையில் சேர்ந்தாள். போன இடத்திலெல்லாம் அம்மாவின் வேலையைக் கல் மாதிரி கையில் வைத்திருந்தாள், யார் மேலாவது எறிய. கட்டிக்கொள்ளப்போகிற அருந்தவனிடமும் முதல் காப்பியிலேயே எறிந்தாள். அவன் “ஓகே” என்று சொல்லிவிட்டு, கேக்கை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளினான்.

எட்டு மாதம் முன்னால் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதும் சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். யாழ்ப்பாணக் குடும்பம், எந்த ஊர், எந்தப் பகுதி என்று ஆரம்பித்து எங்கே வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், வரட்டும் என்றிருந்தாள். அவன் அம்மா சந்திரவதனா அன்ரி எதற்கும் இடம் தரவில்லை. பொரித்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை மட்டும் அவள் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். இருபத்தெட்டு வயதில் தனக்கு ஒருவர் முள் எடுத்துத் தருவது மிருணாளினிக்கு அதுதான் முதல் முறை. கலாவுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. அப்போது பார்த்து அன்ரி, “அம்மா என்ன செய்யிறவ, பிள்ளை?” என்றாள். அந்த வீட்டின் பியானோ, கண்ணாடி அலமாரி, சுவரில் வரிசையாகப் பட்டமளிப்புப் படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தன. சண்டை போட எதிரி வேண்டும். எதிரில் முள் எடுக்கிற விரல்கள்தான் இருந்தன. “அம்மாவும் இன்ஜினியர்தான் அன்ரி” என்றாள். தன் பட்டத்தைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். எதிரே அருந்தவன் மெல்லுவதை நிறுத்தினான். அன்றைக்கு அவனிடம், “நானே சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காத” என்றவள், எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

“எந்த மாதிரி இன்ஜினியரு?” கலா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்னது?”

“நான் ரெண்டு வகதான் பாத்திருக்கேன். நேரா நம்மளத் திட்டறவன் ஒருத்தன். மேஸ்திரியக் கூப்ட்டு நம்மளத் திட்டச் சொல்றவன் ஒருத்தன். எது வேணும்?”

“திட்டாத வகை.”

“அது நான் பாத்ததில்ல. சரி, பாக்கலாம்.” கலா புடவைத் தலைப்பைச் சரிசெய்து, மகள் வாங்கித் தந்த கம்பளிச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “எத்தினி நாளைக்கு? இன்னிக்கி மட்டுமா, கல்யாணம் வரைக்குமா?”

டிராம் நின்றது.

அன்ரி வரச்சொன்ன கதீட்ரல், பெரிய தேவாலயம், சாலையைத் தாண்டியதும் நின்றது. கறுத்த நீலக் கல்லில், மழையில் நனைந்த யானைக்கூட்டம் போல ஒரு உடம்பு. அதன் மேல் வானத்தைக் குத்துகிற மூன்று கோபுரங்கள். நடுக்கோபுரத்தின் உச்சியைப் பார்க்கக் கலா அண்ணாந்தாள், இன்னும் அண்ணாந்தாள், சால்வை நழுவி விழும்வரை அண்ணாந்தாள்.

“அடேங்கப்பா” என்றாள். “மொத்தமும் கருங்கல்லு!”

வாசலில் சந்திரவதனா அன்ரி நின்றிருந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, அதன் மேல் உப்பிய குளிர்ச்சட்டை, புதுச் செருப்பு, நேற்று அடித்த டை மின்னுகிற தலை. பக்கத்தில் அருந்தவன், நீல நிறத்தில் எஸ்கி என்கிற பெரிய ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. ஐஸ், குளிர்பானம், ரோல்ஸ், கட்லட், வடை என்று அரை மெல்பர்னுக்குச் சாப்பாடு அதில் இருந்தது.

“வாங்கோ, வாங்கோ!” அன்ரி கலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கைகள் ஒரு கணம் நின்றன. கலாவின் உள்ளங்கையை ஒருமுறை தொட்டவர்கள் மறக்கமாட்டார்கள். சிமென்ட் தின்ற கை. அன்ரி அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். “நல்லாக் குளிருதே உங்களுக்கு? கை மரக்கட்டை மாதிரி இருக்கு” என்றாள்.

“ஆமாக்கா, குளிருதான்” என்றாள் கலா.

“நான் மெல்பேணுக்கு ஆர் வந்தாலும் முதல்ல இஞ்சதான் கூட்டிக்கொண்டு வாறது. இன்ஜினியர் எண்டபடியால் உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். மூண்டு தரம் சுத்திப்போட்டு, பின்னால மரத்தடியில இருந்து சாப்பிடுவம்.”

“உள்ள போவ வேணாமாக்கா?”

“உள்ளுக்க நான் போனதே இல்லை.” அன்ரி நடக்கத் தொடங்கினாள், கட்டடம் வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி, கோவில் சுற்றுகிற திசையில். “தொண்ணூறாம் ஆண்டு வந்தனாங்கள். அந்தத் தெருவில ஒரு கந்தோர், ஒஃபிஸ்தான். விடிய நாலரைக்கு வந்து கழுவத் தொடங்கினால் எட்டுக்கு முடியும். அடுத்த கந்தோர் ஒன்பதுக்கு. இடையில ஒரு மணித்தியாலம் எங்க போறது? அப்ப கேரம் டவுன்ஸ் கோயிலும் கட்டேல்லை. உடுப்பெல்லாம் ப்ளீச் மணம், அந்தக் கோலத்தோட உள்ளுக்க போக வெக்கம். சரி, வெளிவீதி சுத்துவம் எண்டு சுத்தினனான். நல்லூரானை, எங்கட முருகனை நினைச்சுக்கொண்டு. கல்லு கல்லுத்தானே, எந்தச் சாமிக்குக் கட்டினால் என்ன. அப்பிடியே பழகிப்போச்சு.”

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். மிருணாளினிக்குக் காது மடல் சுட்டது. அருந்தவனைப் பார்த்தாள். அவன் எஸ்கிக்கு மேலாகப் புருவத்தை உயர்த்தினான்: நீ கேட்கவே இல்லையே. உண்மைதான். ஒரு பியானோவைப் பார்த்தாள், அந்த வீட்டில் யாருடைய கையும் அழுக்கானதே இல்லை என்று தானே முடிவுகட்டினாள். கந்தோர் கழுவிய ஒருத்தியின் முன்னால் எட்டு மாதமாகத் தன் அம்மாவைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் கலா வேலையைத் தொடங்கியிருந்தாள்.

முதலில் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பிறகு முகவாய் உயர்ந்தது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. கண் பாதியாகச் சுருங்கியது. நடை மாறியது: சேற்றில் பூட்ஸ் படக்கூடாது என்று கால் வைக்கிற நடை, சுத்தமான நடைபாதையில். முப்பது வருடம் கீழேயிருந்து பார்த்த அத்தனை இன்ஜினியர்களும் அந்த ஐந்தடி உடம்புக்குள் வந்து இறங்கிவிட்டார்கள். சுவரருகே போய் நின்று, மகளிடம் கையை நீட்டினாள். “சாவி.”

“என்ன சாவி?”

“ஏதோ ஒரு சாவி குடுடி.”

டார்னெய்ட் வீட்டுச் சாவியை வாங்கி, அதன் முனையால் கல்லை இரண்டு தட்டு தட்டினாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். “ம்ம்” என்றாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடுகிற கோட்டில் நகத்தால் ஒரு கீறு. “ம்ம்.” பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் விளிம்போடு மேலே பார்த்தாள், தூக்குக்குண்டு விட்ட மாதிரி. “நூல் புடிச்சாப்ல இருக்கு” என்று தீர்ப்பு சொன்னாள். “பரவால்ல. ஒழுங்காத்தான் செஞ்சிருக்கானுங்க. தண்ணி அடிச்சிருக்கான்.”

“என்ன தண்ணி?” என்றாள் அன்ரி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு.

“கட்டனதுக்கு அப்பறம் தண்ணி விட்டு நனைக்கணும்க்கா. சோம்பேறிப் பசங்க ஏமாத்திடுவானுங்க. நம்ம நின்னு பாக்கணும்.” அந்த ‘நம்ம’வில் ஒரு ஜீப்பும் தொப்பியும் இளநீரும் இருந்தன.

அருந்தவன் எஸ்கிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். மிருணாளினி அவன் காலை மிதித்தாள். ஆனால் அவளுக்கே உதட்டோரம் இழுத்தது. அம்மாவை இப்படிப் பார்த்து எத்தனை வருடம்! வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது மற்ற பெண்களோடு சேர்ந்து மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டிச் சிரிப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் அந்தச் சிரிப்பின் மிச்சம்கூட இருக்காது, குளித்துவிட்டுச் சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள்.

வடபக்கச் சுவரில் வெளியே துருத்திக்கொண்டு வரிசையாக நின்ற கல் முட்டுகளைக் காட்டி அன்ரி கேட்டாள். “இது என்னத்துக்கு இப்பிடி? எனக்கு முப்பத்தஞ்சு வருசமா விளங்கேல்லை.”

“உள்ள கூர எறங்கி செவுத்த வெளிய தள்ளும்க்கா. அதுக்குத் தோள் குடுத்து நிக்கிறானுங்க.”

“அப்ப விழாதோ?”

கலா இன்னொரு முறை சாவியால் தட்டினாள். “நான் சொன்னா விழாது.”

அன்ரிக்கு அப்படி ஒரு நிம்மதி. கட்டடமே இன்றைக்குத்தான் பத்திரமானது போல அதைப் பார்த்தாள். கிழக்குப் பக்கம் திரும்பும்போது, “மிருணாளினி எண்டு என்ன வடிவான பெயர்! ஆர் வைச்சது?” என்றாள்.

“நான்தான். நான் கட்டுன ஒரு வூட்டுப் பேரு. வேளச்சேரில. கேட்டுல பித்தள எழுத்துல பளபளன்னு எழுதிருந்துச்சு. அப்ப வயித்துல இவ எட்டு மாசம்.”

“எட்டு மாசத்திலயும் சைட்டுக்குப் போனனீங்களோ? பாருங்கோவன்!”

“போவலன்னா வுடமாட்டானே” என்று சொல்லிவிட்டு, கலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பித்தளை எழுத்தைப் படிக்கத் தெரியாமல் வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கதையைச் சொல்லவில்லை. மிருணாளினிக்கு அந்தக் கதை தெரியும். அதை அம்மா விழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, சிரித்துக்கொண்டிருந்த உதடு தானாகக் கூடியது. தான் கொடுத்த பட்டம் அம்மாவிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. முதல் பலி, அவள் பெயரின் கதை.

ஒரு சுற்று முடிந்து மறுபடி முன்வாசலுக்கு வந்தபோது அருந்தவன் கைப்பேசியைப் பார்த்து அலறினான். “அம்மா, அது ஒன் அவர் பார்க்கிங். நான் காரை மூவ் பண்ணிப்போட்டு வாறன். எஸ்கியைத் தொடாதேங்கோ, நான் வந்து தூக்குறன்.” பெட்டியை நடைபாதையில் இறக்கிவிட்டு ஓடினான்.

அன்ரி ஐந்து நிமிடம் பொறுத்தாள். புதுச் செருப்பு கடித்தது. பின்பக்கம் மரத்தடியில் பெஞ்சு இருந்தது. குனிந்து பெட்டியின் பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், “ஐயோ, மணிக்கட்டு” என்றாள். மிருணாளினி ஒரு பக்கம் பிடித்தாள். பெட்டி சரிந்து உள்ளே ஐஸ் உருண்டது.

தரையில் கிடக்கிற சுமையைப் பார்த்தால் கலாவுக்குக் கை சும்மா இருக்காது. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. சால்வையை உருவினாள், முறுக்கினாள், இரண்டு சுற்றில் சும்மாடாக்கி உச்சந்தலையில் வைத்தாள். எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில். “அக்கா, கொஞ்சம் கை குடுங்க” என்றாள். அன்ரியும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். பெட்டி எழும்பியது, தலையில் உட்கார்ந்தது. கலா கையை எடுத்துவிட்டாள்.

“ம்மா!” என்றாள் மிருணாளினி.

“ஐயோ கலா, என்ன இது! நீங்கள் ஒரு இன்ஜினியர்…”

“இன்ஜினியருன்னா தல இல்லியாக்கா?”

அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. குளிர்ச்சட்டையெல்லாம் குலுங்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலா அதற்குள் பத்தடி போய்விட்டாள். கையிரண்டும் வீசி, இடுப்பு மட்டும் அசைய, கழுத்து தூண் மாதிரி. இப்போது நடை பொய்யில்லை என்பது எதிரே வந்த நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். போகிற போக்கில் கோபுரத்தைக் காட்டி, “இவ்ளோ ஒசரத்துக்கு எவ சொமந்திருப்பா?” என்று கேட்டாள். அன்ரியிடம் கேட்டாளா, கட்டடத்திடமா, தெரியவில்லை.

மரத்தடியில் ரோல்ஸ் தின்றார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதாக அருந்தவனிடமிருந்து செய்தி வந்தது. வெயில் கொஞ்சம் வந்தது. கலா நாலாவது கட்லட்டை எடுத்தபோது அன்ரி தயங்கித் தயங்கிக் கைப்பேசியை எடுத்தாள். “ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. வந்த இடத்தில வேலை தாறன் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட சமைக்கிற குசினிச் சுவர் கோடுகோடா வெடிச்சுப்போச்சு. அருந்தவன்ர அப்பா இருந்தால் பாத்திருப்பார். இப்ப எனக்கு இரவில அதைப் பாக்கவே பயமாக் கிடக்கு.”

கலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். பெரிதாக்கினாள். இன்ஜினியர் முகம் வரவில்லை, வேறு முகம் வந்தது. “இது படிக்கட்டு மாதிரி எறங்குது பாருங்க, செங்கல்லு ஓரமாவே. மழ பெஞ்சா கூடுதா, வெயில்ல கூடுதா?”

“வெயிலுக்குத்தான். போன சம்மர்ல கூடிட்டுது.”

“பக்கத்துல மரம் இருக்கா?”

“ஓம்! பெரிய மரம்.”

“அது வேர் விட்டுத் தண்ணிய உறிஞ்சுது. மண்ணு சுருங்கி ஒரு மூல கீழ எறங்குது. பயப்படாதீங்க, இன்னிக்கி நாளைக்கு விழாது. ஆனா சும்மா பூசி மூடாதீங்க. எதுக்கும் ஒரு இன்ஜினியரக் கூட்டியாந்து காட்டிடுங்கக்கா.”

அன்ரி கலாவைப் பார்த்தாள். கலா கட்லட்டைப் பார்த்தாள்.

“அதாவது…” கலா விழுங்கினாள். “இன்னொரு இன்ஜினியரு. ரெண்டு பேரு பாத்தா நல்லதில்லியா. ஒருத்தர் கண்ணுக்குத் தப்பறது இன்னொருத்தர் கண்ணுல படும்.”

“ஓம், ஓம். அதுவும் சரிதான். டொக்டர்மாரும் அப்பிடித்தானே, செகண்ட் ஒப்பீனியன்” என்றாள் அன்ரி. நம்பிவிட்டாள். அல்லது நம்ப ஒப்புக்கொண்டுவிட்டாள். பொய் பிழைத்துக்கொண்டது. இனி கல்யாணம் வரைக்கும், அதற்கப்புறமும், எந்தச் சுமையைக் கண்டாலும் கலா கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மிருணாளினி பார்த்தாள்: அம்மாவின் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“அன்ரி, அம்மா இன்ஜினியர் இல்ல.”

“என்ன பிள்ளை?”

“சித்தாள். வீடு கட்டற எடத்துல கல்லு, சாந்து சுமக்கறவங்க. முப்பது வருஷம் அதான் வேலை. நான்தான் பொய் சொன்னேன். அம்மாவுக்கே இன்னிக்கிக் காலைல டிராம்லதான் தெரியும்.”

அன்ரி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். “அருந்தவனுக்கு?”

“தெரியும். முதல்லேருந்து.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.” குரல் சின்னதாகிவிட்டது. “ஏன் பிள்ளை? நான் உமக்கு என்ன செய்தனான்?”

“நீங்க மீன்ல முள்ளெடுத்துக் குடுத்தீங்க.” சொன்னபிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனமான பதில் என்று தெரிந்தது. ஆனால் வேறு பதில் இல்லை. வேறு எந்தக் கேள்விக்கும் அவளிடம் கைவசம் கல் இருந்தது. “நிறுத்திடுவீங்களோன்னு பயம்.”

அன்ரி குனிந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. “இதைப் பாரும். இன்ஜினியர் வாறா எண்டு வாங்கினனான். நேற்று டை அடிச்சனான். மூண்டு நாளா, படிச்ச மனிசியோட என்ன கதைக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்லை. அந்தக் கந்தோர்க் கதையைச் சொல்லுறதோ விடுறதோ எண்டு ராத்திரி முழுக்க எனக்குள்ளயே வழக்கு. பேந்து, அறிஞ்சால் அறியட்டும் எண்டு வாசல்லயே சொல்லிப்போட்டன். நான் சொன்னனான், பிள்ளை. நீர் சொல்லேல்லை.” கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. “உம்மோட நான் பேந்து கதைப்பன். இது முடியேல்லை.”

“சரி அன்ரி.”

“எங்க, கால காட்டுங்க” என்றாள் கலா. அன்ரியின் குதிகாலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எஸ்கியிலிருந்து ஐஸ் எடுத்து ஒற்றினாள். அன்ரி கூச்சத்தில் நெளிந்தாள். “இப்ப நான் யாருன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்லிடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கறேன். இன்ஜினியரு வேல எனக்கு ஒத்து வரலக்கா. கையப் பின்னால கட்டிக்கினு எவ்ளோ நேரம் நிக்கறது? தோள்பட்ட கழண்டுபோச்சு.”

அன்ரிக்கு மூக்கால் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. “அந்தச் சாவியால தட்டினது…”

“அது எல்லா இன்ஜினியரும் செய்வானுங்க. எதுக்குன்னு அவனுங்களுக்கே தெரியாது.”

“விழாது எண்டு சொன்னனீங்கள்!”

“நூத்தம்பது வருசம் நிக்கிது. இனிமே இன்னிக்கா வுழப்போவுது?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மிருணாளினி சேர்ந்துகொள்ளலாமா என்று தெரியாமல் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலா மகள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எழுந்தபோது, சும்மாடு சுற்றச் சால்வையை எடுத்து, ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். “புடி. இறுக்க முறுக்கு.” மிருணாளினி பிடித்து முறுக்கினாள். அவள் வாழ்க்கையில் அம்மாவின் சும்மாட்டைத் தொட்டதில்லை, ‘நீ தொடாத, படி’ என்று கலா விட்டதில்லை. இந்தத் தடவை பெட்டியைத் தூக்கிவிட்டதும் மகள்தான். அன்ரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். “வெளிவீதிக்குச் செருப்பு போடக்கூடாதுதானே” என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தென்பக்கத் தெரு வழியாகத் திரும்பி அவர்கள் முன்வாசலுக்கு வந்தபோது அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. ரிப்பன் கட்டிய வெள்ளைக் கார், கூம்புத் தொப்பி போல விரிந்த கவுனுக்குள் ஒரு பெண், அவளைச் சுற்றி ஒரே நிறத்தில் நாலு தோழிகள், புகைப்படக்காரன். கோபுரத்தின் மூலையிலிருந்து மெல்பர்ன் காற்று ஒன்று சுழன்று வந்தது. மணப்பெண்ணின் தலையிலிருந்து முக்காட்டு வலையை, இரண்டு ஆள் நீளம், சீப்போடு பிடுங்கிக்கொண்டது. தோழிகள் கூவிக்கொண்டு ஓடினார்கள். வலை யார் கைக்கும் அகப்படாமல், தரையைத் தொடப்போவதும் எழும்புவதுமாக இவர்கள் பக்கம் வந்தது.

கலா நின்றாள். கழுத்தை அசைக்கவில்லை. முழங்கால் இரண்டையும் மடித்து, கிணற்றில் வாளி இறங்குவது போல நேராக இறங்கினாள். இடது கை நீண்டு, நடைபாதைக்கு ஒரு சாண் மேலே வலையின் நுனியைப் பிடித்தது. அதே நேர்கோட்டில் மேலே எழுந்தாள். பெட்டிக்குள் ஐஸ் ஒரே ஒருமுறை கடகடத்தது. கல்யாணக் கூட்டம் கைதட்டியது. புகைப்படக்காரன் மணப்பெண்ணை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

ஓடிவந்த தோழி மூச்சிரைக்க மிருணாளினியிடம் கேட்டாள், “ஓ மை காட், இஸ் ஷி எ டான்சர்?”

“மை மம்” என்றாள் மிருணாளினி. பிறகு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில், தமிழிலேயே சொன்னாள். “சித்தாள்.”

“வாவ்” என்றாள் அந்தப் பெண், தலையை ஆட்டிக்கொண்டு.

கலா வலையைத் தோழியிடம் கொடுக்கவில்லை. அழுக்குப் படாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தானே மணப்பெண்ணை நோக்கி நடந்தாள். காற்று இன்னும் ஓயவில்லை. வெள்ளை வலையும் அவளுடைய சிவப்புப் புடவைத் தலைப்பும் ஒரே பக்கமாகப் பறந்தன. நீலப் பெட்டி அசையாமல் போயிற்று.